பால்பண்ணை ஸ்டாப்பும் ஒரு இருநூறு ரூபா நோட்டும்

தஞ்சாவூர்ல அம்மா வீட்டுலேருந்து திருச்சிக்கு ஒரு நாள் போய்ட்டு வந்தேன். மலைக்கோட்டை, தெப்பக்குளம் எல்லாம் எப்பவும் போல இருக்கு, அத விடுங்க. இது பஸ் மீதி கதை.

டிக்கெட் பின்னாடி மீதிய எழுதிக் குடுப்பாங்கள்ல, இப்ப டிக்கெட் மெஷின்ல வருது, ஆனா மீதி இன்னும் பேனால தான் எழுதுறாங்க. பாத்ததும் எனக்கு ஒரே குஷி. நான் இருக்குற டொரன்டோல பஸ்ல காச பெட்டியில போட்டா போட்டது தான், டிரைவர் மீதியெல்லாம் தர மாட்டார். துவாக்குடில கண்டக்டர்கிட்ட மீதிய கேட்டேன், "இருங்க சார் தரேன்"னார். திருவெறும்பூர்லயும் அதே பதில். பால்பண்ணைல நான் ஒரு கால கீழ வைக்கும்போது எனக்கும் பின்னாடி எறங்குன காலேஜ் பையனுக்கும் சேத்து ஒரே ஒரு இருநூறு ரூபா நோட்ட நீட்டி "ரெண்டு பேரும் பிரிச்சுக்குங்க"ன்னு விசில் குடுத்துட்டார்! எனக்கு நூத்தி சொச்சம், அவனுக்கு அம்பது சொச்சம்.

பையன் கூலா "நோட்ட நான் வச்சுக்குறேன், உங்க நம்பர் சொல்லுங்கண்ணா, ஜிபே பண்றேன்"கிறான். எங்கிட்ட ஏது ஜிபே? கனடா நம்பர்லயே என்ஆர்ஓ அக்கவுண்ட் (வெளிநாட்டுல இருக்குறவங்க இங்க வச்சுக்குற பேங்க் கணக்கு) வச்சு யூபிஐ போடலாம்னு 2023லயே சொல்லிட்டாங்க, ஆனா பேங்க்ல போய் நம்பர மாத்தி வாங்குறதுக்குள்ள என் லீவு முடிஞ்சிரும். சரின்னு டீக்கடைல சில்லறை கேட்டா, "காலைலேருந்து எல்லாரும் ஸ்கேன் தான் பண்றாங்க, கல்லால என்ன இருக்கும்"னு அவர் சொல்றாரு, பக்கத்துலயே அந்த ஸ்பீக்கர் பொட்டி பன்னெண்டு ரூபா வந்துச்சு பதினஞ்சு ரூபா வந்துச்சுன்னு விடாம கத்துது. ஜூஸ் கடை, பேக்கரி, மெடிக்கல், எல்லா எடத்துலயும் இதே கதை தான். டொரன்டோல நான் பர்ஸே தொடாம மாசக்கணக்கா ஓட்டுற ஆளு, இங்க பூக்கூடைல கூட கியூஆர் அட்டை தொங்குது, நான் மட்டும் நோட்டோட நிக்கிறேன்.

கடைசில அந்த பூக்கார அம்மா தான் "மொதல்ல ரெண்டு மொழம் வாங்கு, அப்புறம் மாத்தித் தரேன்"னு சுருக்குப்பைய அவுத்தாங்க. அழுக்கு நோட்டு, காயின் எல்லாம் எண்ணி பிரிச்சுக் குடுத்து, "படிச்ச புள்ளைங்க ரெண்டு பேருக்கு இருநூறு ரூபாய பிரிக்கத் தெரியல"ன்னு திட்டு வேற. பூக்காசு என் கணக்குல தான் போச்சு, பையன் நைசா நழுவிட்டான்.

அப்புறம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ். பொம்பளைங்களுக்கு ஃப்ரீ, என்கிட்ட மட்டும் "சில்லறையா குடுங்க சார்". பெருமையா பத்து ரூபா காயின எடுத்து நீட்டினேன். அது செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018லயே தெளிவா சொல்லியாச்சு. மனுஷன் அத முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்துட்டு கேக்குறாரு, "நோட்டா இல்லையா?"