மாமாவின் பிஸ்கட் டின்னும் மூன்று வருடப் பில்களும்

கொக்குவிலில் என் தாய்மாமாவின் கட்டிலடியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே மருந்துக்கடைப் பற்றுச்சீட்டுகள், ஒரு நெபுலைசர் முகமூடி, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு கடிதம். மாமா அமெரிக்க இராணுவத்தில் இருந்தவர். ஈராக் முகாமில் குப்பையைப் பெருங்குழிகளில் போட்டு எரித்த புகையைச் சுவாசித்தார். அப்படிப்பட்டவர்களுக்குப் பிறகு கண்டறியப்படும் ஆஸ்துமாவை, 2022இல் அமெரிக்காவில் வந்த பாக்ட் சட்டம் படைச்சேவையால் வந்த நோயாகவே கொள்கிறது. மாமாவின் நோயை அப்படி ஏற்று அமெரிக்க முன்னாள் படைவீரர் திணைக்களம் அனுப்பியதுதான் அந்தக் கடிதம். நாங்கள் தொய்வு என்று சொல்வதை அது ஆஸ்துமா என்கிறது.

வெளிநாட்டில் வாழும் அமெரிக்க முன்னாள் படைவீரருக்கான ‘எஃப்.எம்.பி’ மருத்துவத் திட்டத்தில் மாமாவைப் பதிந்து மூன்று வருடமாகிறது. அவருடைய சம்பளமில்லாத லிகிதர் நான்தான்.

இத்திட்டம் எல்லா வருத்தத்துக்கும் காசு தராது. கடிதத்தில் உள்ள நோய்க்கும் அதோடு தொடர்புடையதற்கும்தான். சென்ற வருடம் மாமா சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதற்கு ஒரு சதமும் கேட்க வழியில்லை. கேட்கவும் தேவையிருக்கவில்லை, யாழ் போதனா வைத்தியசாலையில் இலவசமாகவே மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

நான் பாடம் படித்தது அதற்கு முந்திய ஒரு மார்கழி இரவில். மாமாவுக்கு இழுப்புக் கூடி உதடு நீலமாகிவிட்டது. ஆட்டோக்காரர் கிட்ட இருந்த தனியார் வைத்தியசாலையில் கொண்டுபோய் நிறுத்தினார். அவசரத்துக்கு முன்அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது பில். மூன்று நாளுக்கு மூன்றே வரி: அறை, மருந்து, ஏனையவை. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அட்டையில் ‘மூச்சுத் திணறல்’ என்று மட்டும் இருந்தது. அது அறிகுறி, நோயின் பெயர் அல்ல. நான் அதையே, காசைத் திரும்பக் கேட்கும் 10-7959எஃப்-2 படிவத்தோடு அனுப்பிவிட்டேன். விவரம் கேட்டுத் திரும்பி வந்தது. என் அவசரப் புத்தியால் நான்கு மாதம் வீண்.

மறுபடி காசாளரிடம் போனேன். “காசு கட்டி முடிந்ததுதானே தம்பி, இனி எதற்கு?” என்றார். கெஞ்சிய பிறகு ஒட்சிசன், ஊசி, நெபுலைசர் என்று திகதிவாரியாக இரண்டு பக்கம் அச்சடித்துத் தந்தார். வைத்தியர் ‘ஆஸ்துமா திடீரெனத் தீவிரமடைந்தது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டார். காசு கட்டிய பற்றுச்சீட்டையும் சேர்த்து அனுப்பினேன். பணம் மாமாவின் அமெரிக்க வங்கிக் கணக்குக்கு வந்துசேர்ந்தது.

இப்போது அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று மாமாவின் சட்டைப்பையிலேயே இருக்கிறது; வைத்தியர் பேனையை எடுக்குமுன் அதைக் காட்டிவிடுகிறோம். மருந்துக்கடையிலும் மருந்தின் பெயர், அளவு, எண்ணிக்கை எல்லாம் எழுதுவித்தே வாங்குகிறேன். அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்தாக இருக்கவும் வேண்டும். சிகிச்சை முடிந்து இரண்டு வருடத்துக்குள் அனுப்பலாம் என்பதால் திகதி எனக்குத் தலையிடியாக இருந்ததில்லை. மறுத்தாலும் மேன்முறையீட்டுக்கு ஒரு வருடம் உண்டு.

இவ்வளவு கடதாசி வேலைக்கும் பெறுமதியா என்று கேட்டால், பெறுமதிதான், பில்லை அன்றன்றைக்கே சரிபார்க்கப் பொறுமை இருந்தால்.

போன கிழமை மாமா புதிதாக ஒரு பற்றுச்சீட்டை டின்னுக்குள் போட்டு, “இதையும் அனுப்பு, மருமகன்” என்றார். எடுத்துப் பார்த்தேன். சைக்கிள் கடைப் பில்.