முதல் கப்பல் பயணமா? பானப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சொகுசுக் கப்பலில் முதன்முறையாகப் போகத் திட்டமிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிக்கெட்டோடு சேர்த்துப் பானப் பேக்கேஜ் ஒன்றையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிவிட்டால், கப்பலில் குடிக்கும் பானங்களுக்குத் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டாம் என்று விற்கும் திட்டம் அது. அதை வாங்குவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நாள் முழுக்க ஏதாவது ஒரு கோப்பை கையில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கு அது லாபமாகவே இருக்கலாம். அதன் விதிகளைச் சொல்லாமல், குடிக்காதவர்களுக்கும் சேர்த்து விற்கிறார்களே, அதைத்தான் சொல்ல வருகிறேன். எங்கள் குடும்பத்துக்கு அப்படித்தான் விற்றார்கள்.

நாங்கள் இரண்டு கேபின்கள் எடுத்திருந்தோம். ஒன்றில் நானும் கணவரும் பிள்ளைகளும், மற்றதில் மாமனாரும் மாமியாரும். ஆண்கள் இருவரும் மாலையில் ஒன்றோ இரண்டோ குடிப்பார்கள், அவ்வளவுதான். நான் மதுவைத் தொடுவதில்லை. மாமியாரும் அப்படியே, அவர் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் டாக்டரும் கூடாது என்றிருக்கிறார். இவை அனைத்தையும் பயண முகவரிடம் முதல் பேச்சிலேயே சொன்னேன். அவர் சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது: “மேடம், பெரியவர்கள் நாலு பேருக்கும் எடுத்துவிடுங்கள். ஜூஸ், காபி, தண்ணீர் எல்லாம் அதிலேயே வந்துவிடும். ஏறிய பிறகு நீங்கள் பர்ஸைத் திறக்கவே வேண்டியதில்லை.” இதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பினார்.

அவர் சொல்லாமல் விட்டது என்னவென்று கப்பலில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. பெரும்பாலான நிறுவனங்களில், ஒரு கேபினில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் மது அடங்கிய பேக்கேஜை எடுத்தால் மற்றவரும் எடுத்தே ஆக வேண்டும். ஒருவர் வாங்கி இருவர் குடித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி இது. விதி இருக்கட்டும். ஆனால் உடல்நிலை காரணமாகவோ, கர்ப்பமாக இருப்பதாலோ மது குடிக்க முடியாதவர்களுக்குச் சில நிறுவனங்கள் விலக்கு தருகின்றன. முன்கூட்டியே கேட்டால், அவருக்கு மட்டும் மது இல்லாத, விலை குறைந்த பேக்கேஜைப் போட்டுக் கொடுக்கிறார்கள். இணையத்தில் இந்த வசதி கண்ணில் படாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். எங்கள் கப்பலிலும் அந்த வழி இருந்தது. விருந்தினர் சேவை மேசையில் இருந்த பெண் அதைச் சொன்னதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. “புறப்படுவதற்கு முன் உங்கள் முகவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்போம். இப்போது பேக்கேஜ் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது, ரத்து செய்ய முடியாது” என்றார். மாமியார் மாத்திரை சாப்பிடுகிறார் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டே முழுப் பேக்கேஜையும் விற்றிருக்கிறார் அந்த மனிதர்.

மாமியார் அந்தப் பேக்கேஜில் என்ன குடித்தார் தெரியுமா? காலையில் பஃபே உணவகத்தில் இயந்திரத்திலிருந்து பிடித்த காபி. சிற்றுண்டியோடு ஆரஞ்சு ஜூஸ். பகலில் எலுமிச்சைச் சாறு, சாப்பாட்டு மேசையில் தண்ணீர், படுக்கும் முன் தேநீர். இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பேக்கேஜ் தேவையில்லை. குடிநீர், சாதாரணக் காபி, தேநீர், ஐஸ் டீ, எலுமிச்சைச் சாறு, காலைச் சிற்றுண்டி நேரத்து ஜூஸ் ஆகியவை பெரும்பாலான கப்பல்களில் டிக்கெட் விலையிலேயே அடக்கம். எல்லாப் பயணிகளுக்கும் கிடைப்பதையே குடித்துவிட்டு, அதற்கென்று தனியாகவும் ஒரு பெரிய தொகையைக் கட்டியிருந்தார். அது தெரிந்த நாள் முதல், கணக்கைச் சரிக்கட்ட வேண்டுமே என்று வேண்டாத மாக்டெயிலை (மது கலக்காத காக்டெய்ல்) எல்லாம் வாங்கி, பாதி குடித்துப் பாதியை வைத்துவிட்டு வருவார். அதைப் பார்க்கவே வேதனையாக இருந்தது.

விற்கும்போது எந்த முகவரும் போட்டுக் காட்டாத ஒரு கணக்கை இங்கே போடுகிறேன். பேக்கேஜின் விலை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் தெரிவது அந்த 70 மட்டும்தான். அதன் மேல் பெரும்பாலும் 18 முதல் 20 சதவீதம் வரை சேவைக் கட்டணம், அதாவது டிப்ஸ், உண்டு. 18 சதவீதம் என்றாலே 82.60 டாலர் ஆகிவிடும். ஏழு இரவுப் பயணத்துக்கு ஒருவருக்கு 578.20, கேபினில் உள்ள இருவருக்கு 1,156.40 டாலர். இனி தனித்தனியாக வாங்கிக் குடித்தால் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு காக்டெய்ல் 13 டாலர் என்றால் சேவைக் கட்டணத்தோடு 15.34. தினமும் ஆறாவது கோப்பைக்குப் போனால்தான் பேக்கேஜ் எடுத்தவருக்கு லாபம். 8 டாலர் பீர் என்றால் ஒன்பதாவது கோப்பையில்தான் கணக்கு நேராகும். மாமனாரைப் போல நாளைக்கு இரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொள்பவருக்கு ஏழு நாளும் சேர்த்து 214.76 டாலர்தான் ஆகும். அந்த இடத்தில் தம்பதியாக 1,156.40 கட்ட வைக்கிறார்கள், ஐந்து மடங்குக்கும் மேல்!

இதில் துறைமுக நாட்களையும் மறந்துவிடாதீர்கள். பேக்கேஜைப் பொதுவாகப் பயணம் முழுவதற்கும் சேர்த்துத்தான் எடுக்க முடியும். கடலில் இருக்கும் நாட்களுக்கு மட்டும் எடுக்கிறேன் என்றால் விடமாட்டார்கள். கப்பல் காலையில் துறைமுகத்தில் நின்றால் நாம் இறங்கிப் போய் மாலையில்தான் திரும்புகிறோம். அந்தப் பகல் முழுக்க வெளியில் குடிப்பதற்கு நாம்தான் காசு கொடுக்கிறோம், பேக்கேஜும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏறும் நாளும் பாதி நாள்தான். ஆனால் வசூல் முழு நாளுக்கு.

சரி, பேக்கேஜ் எடுத்தவர்களாவது பர்ஸைத் திறக்காமல் இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. பெரும்பாலான பேக்கேஜ்களுக்கு ஒரு கோப்பைக்கு இவ்வளவு என்று விலை வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டினால் சில நிறுவனங்கள் மீதித் தொகையை வாங்கும், சில முழு விலையையும் வாங்கும். முதல் நாள் மாலையே மாமனார் கேட்ட விஸ்கி வரம்புக்கு மேலே போய்விட்டது. பார்மேன் ஒன்றும் சொல்லாமல் கார்டைத் தேய்த்துவிட்டு ரசீதை நீட்டினார். அந்த ரசீதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மேலே பானத்தின் விலை. அதன் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், 18 சதவீதச் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கும் கீழே “கூடுதல் டிப்ஸ்” என்று ஒரு வெற்றுக் கோடு, பிறகு மொத்தம் எழுத இன்னொரு கோடு, கடைசியில் கையெழுத்து. கோடு காலியாக இருக்கிறதே, டிப்ஸ் கொடுக்காமல் போனால் மரியாதையாக இருக்காது என்று நினைத்து மாமனார் அதிலும் ஒரு தொகையை எழுதிவிட்டார். ஒரே கோப்பைக்கு இரண்டு முறை டிப்ஸ். முதல் முறை வருகிறவர்களில் எத்தனை பேர் மங்கிய விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சின்ன எழுத்தைப் படிப்பார்கள்? அந்தக் கோட்டின் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

கேபினுக்குள் மேசை மேல் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் வைத்திருந்தார்கள், கழுத்தில் ஒரு காகிதச் சீட்டோடு. வரவேற்புச் சீட்டு என்று நினைத்துப் பிள்ளைகள் திறந்து குடித்தார்கள். சீட்டின் பின்பக்கம் விலை இருந்தது. கேபின் மினிபார், அறைக்கு வரவழைக்கும் பானங்கள், ஞாபகார்த்தக் கோப்பையில் தரும் பானங்கள் இவை பல பேக்கேஜ்களில் சேராது. காபிக் கடைபோல் தனியாக இருக்கும் கவுன்டரில் வாங்கும் எஸ்பிரஸோ வகைகள் சில பேக்கேஜில் உண்டு, சிலவற்றில் இல்லை. பிள்ளைகளுக்கு விற்கும் சோடா பேக்கேஜில் சில கப்பல்களில் அடியில் சிப் பொருத்திய குவளை ஒன்றைத் தருவார்கள். அதைத் தொலைத்தால் இயந்திரம் பானம் தராது. அளவில்லாமல் குடிக்கலாம் என்ற பேச்சையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கார்னிவல் நிறுவனத்தின் பேக்கேஜில் 24 மணி நேரத்துக்கு 15 மது பானங்கள் என்று வரம்பே இருக்கிறது. பானப் பேக்கேஜ் இலவசம் என்று டிக்கெட்டோடு தரும் சலுகைகளிலும் ஏமாந்துவிடாதீர்கள். பல நேரங்களில் பேக்கேஜ்தான் இலவசம், அதன் விலைக்கான சேவைக் கட்டணத்தைப் பணம் கட்டும்போதே வாங்கிவிடுவார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதுதான்.

பானத்தை விட்டுவிட்டாலும் தப்ப முடியாத செலவு ஒன்று உண்டு. தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தினசரிச் சேவைக் கட்டணம். பெரிய கப்பல்களில் இது பெரும்பாலும் 16 முதல் 20 டாலர் வரை. பெரிய அறைகளுக்கு இன்னும் கூடும். குழந்தைகளுக்கும் உண்டு, கைக்குழந்தைகளுக்கு மட்டும் சில நிறுவனங்கள் விலக்கு தரும். 17 டாலர் என்று வைத்து, நால்வருக்கு ஏழு நாள் போட்டுப் பாருங்கள்: 476 டாலர். முகவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. பல கப்பல்களில் சேவை மேசையில் கேட்டு இதைக் குறைக்கவோ நீக்கவோ முடியும். எங்களிடம் ஒருவர் அந்த யோசனையைச் சொன்னார். நாங்கள் செய்யவில்லை, செய்யவும் கூடாது என்பதே என் கருத்து. அந்தப் பணம் அறையைச் சுத்தம் செய்கிறவர்களுக்கும் உணவு பரிமாறுகிறவர்களுக்கும் போக வேண்டியது. மறைத்தவர் முகவர்; அதற்காக அறைப் பணியாளரின் கூலியில் கை வைப்பது நியாயமில்லை.

கார்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கப்பலில் பணம் புழங்காது. ஏறும்போது உங்கள் வங்கிக் கார்டைப் பதிவு செய்துகொண்டு, கப்பலின் கார்டு ஒன்றைக் கொடுப்பார்கள். எல்லாச் செலவும் அதில் ஏறும். பதிவு செய்ததும் ஒரு தொகையை வங்கியில் முடக்கிவைப்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் வரம்புதான் குறையும். டெபிட் கார்டு என்றால் உங்கள் சொந்தப் பணமே முடங்கும், பில் கட்டி இறங்கிய பிறகும் அது விடுபடப் பல நாட்கள் ஆகலாம். மாமனார் கொடுத்தது டெபிட் கார்டு. ஊர் திரும்பும் வழியில் டாக்சிக்குப் பணம் எடுக்கப் போனவர் கணக்கில் பணம் இல்லாமல் நின்றார். இன்னொன்று, சில கப்பல்கள் உங்களைக் கேட்காமலேயே பில்லை உங்கள் கார்டின் நாணயத்துக்குத் தங்கள் விகிதத்தில் மாற்றிவிடும், அதில் அவர்களுக்கு ஒரு பங்கு. கப்பலின் நாணயத்திலேயே பில் போடுங்கள் என்று முதல் நாளே சேவை மேசையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கப்பல் நகரும் முன் எல்லாப் போன்களையும் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கரையை விட்டு விலகியதும் போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், அந்த ரோமிங் கட்டணம் சாதாரணமானதல்ல. கப்பல் மருத்துவரைப் பார்த்தாலும் பில் உங்கள் கணக்கில்தான் ஏறும். பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். துறைமுகத்தில் வாங்கிய மது பாட்டிலை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு, பயணம் முடியும்போதுதான் திருப்பித் தருவார்கள். முதல் நாளில் மட்டும் பெரியவருக்கு ஒரு பாட்டில் ஒயின் கொண்டுவரப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. எப்போதாவது குடிக்கிறவர்களுக்கு இதுவே போதும். அந்த பாட்டிலை உணவகத்தில் திறந்தால் சில கப்பல்களில் திறப்புக் கட்டணம் கேட்பார்கள்.

பில்லைக் கடைசி இரவு வரை விட்டுவைக்காதீர்கள். கேபின் தொலைக்காட்சியிலோ கப்பலின் செயலியிலோ தினமும் பார்க்கலாம். பேக்கேஜில் அடங்கிய காபிகளுக்கே எங்களிடம் தனியாகப் பணம் பிடித்திருந்தார்கள். கடைசி இரவு சேவை மேசையின் முன் நின்ற வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற முதியவர் ஒருவர் ரசீதுகளை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதி வாரியாக வைத்திருந்தார். அவர் முறை வந்ததும் இரண்டே நிமிடத்தில் தவறான பில்களை நீக்கிக் கொடுத்துவிட்டார்கள். எங்களிடம் பாதி ரசீதுகள் இல்லை. காபிக் காசு மட்டும் திரும்பி வந்தது.

நீங்கள் முகவரிடம் பேசும்போது இவற்றை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். ஒரே கேபினில் இருவரும் எடுக்க வேண்டுமா, குடிக்காதவருக்கு விலக்கு உண்டா? சொல்லும் விலையில் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா? ஒரு கோப்பைக்கு விலை வரம்பு என்ன? தினசரிச் சேவைக் கட்டணம் டிக்கெட்டில் உண்டா, கப்பலில் தனியாகப் பிடிப்பார்களா? பேக்கேஜை எந்தத் தேதி வரை ரத்து செய்யலாம்? கடைசிக் கேள்வி மிக முக்கியம். பல நிறுவனங்களில் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு வரை ரத்து செய்து முழுப் பணத்தையும் பெறலாம். இடையில் விலை இறங்கினால் ரத்து செய்துவிட்டுக் குறைந்த விலையில் மறுபடியும் வாங்கலாம். கப்பலில் ஏறிய பிறகு வாங்கினால் விலை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

எங்கள் புகாரை முகவர் நிறுவனத்துக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் எழுத்தில் அனுப்பினேன், முகவரின் குறுஞ்செய்தியையும் இணைத்து. கப்பல் நிறுவனம், விற்றவரிடம் கேளுங்கள் என்றது. விற்றவர், விதிமுறைகள் டிக்கெட்டின் இணைப்பில் இருக்கின்றன, நீங்கள் ஒப்புக்கொண்டுதானே பணம் கட்டினீர்கள் என்று எழுதினார். மாமியாரின் பேக்கேஜுக்கான தொகையையாவது திருப்பித் தர வேண்டும் என்று இப்போது நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். இதே போல் விற்கப்பட்டவர்கள் முகவர் அனுப்பிய குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள். மனுவோடு இணைக்க அவை வேண்டும்.