முப்பது சென்டிமீட்டரா, தொண்ணூறா? பனிக்குழியில் நான் நிற்கும் பக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வெயிலில் உட்கார்ந்து பனிச்சரிவைப் பற்றிப் பேசினால் தே தாரே கடையில் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். போன பிப்ரவரியில் தங்கை வீட்டு மாப்பிள்ளையும் நானும் காஷ்மீர் குல்மார்க்கில் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து எங்களுக்குள் ஒரே வழக்கு: பனி சரியாமல் நிலையாக இருக்கிறதா என்று குழி தோண்டிப் பார்க்க எந்தச் சோதனை மேல்?

பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடம், காலடியில் ‘வும்ப்’ என்று பனி அமுங்கும் சத்தம், ஸ்கீ முனையிலிருந்து ஓடும் விரிசல். எல்லாம் அபாய அறிகுறி. இதில் ஒன்று தெரிந்தாலும் குழியே தோண்ட வேண்டாம், திரும்பிவிடலாம். ஒன்றும் தெரியாதபோதுதான் சோதனை.

மாப்பிள்ளை கம்ப்ரெஷன் டெஸ்ட் கட்சி. முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டரில் ஒரு பனித்தூண் வெட்டி, மேலே மண்வாரியை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்துத் தட்டு. சீக்கிரம் முடியும். எந்த அடுக்கு பலவீனம் என்று காட்டிவிடும்.

நான் எக்ஸ்டெண்டட் காலம் டெஸ்ட், அதாவது நீட்டிய தூண் சோதனைப் பக்கம். தட்டுவது அதே முப்பதுதான். ஆனால் தூண் சரிவுக்குக் குறுக்கே 90 சென்டிமீட்டர் அகலம், மண்வாரி ஒரு ஓரத்தில் மட்டும்.

அந்த மீதி அறுபதில்தான் விஷயமே இருக்கிறது. அடுக்கடுக்கான கேக் லாபிஸை நினைத்துக்கொள்ளுங்கள், பனியும் அப்படித்தான். தரையையொட்டிய பனி பூஜ்ஜியம் டிகிரி பக்கம், மேல்பரப்போ கடும் குளிர். இடையே நீராவி மேலேறி, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத சீனியாக மாறிவிடும். அதன்மேல் காற்று கொண்டுவந்து கொட்டிய பனி பலகையாக இறுகி உட்காரும். சீனி அடுக்கு ஓரிடத்தில் உடைவதால் மட்டும் மலைப்பனி சரிந்து இறங்கிவிடாது. அந்த உடைப்பு பக்கவாட்டில் ஓட வேண்டும். சின்னத் தூணில் உடைகிறதா என்று தெரியும், ஓடுமா என்று எப்படித் தெரியும்? அகலத் தூணில் மண்வாரிக்கு அடியில் பிறந்த விரிசல், அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ மறு ஓரம் வரை போய்விட்டால், அந்தச் சரிவில் எனக்கு வேலையில்லை.

சிரமம் உண்டு. பின்பக்கத்தை முடிச்சுப் போட்ட கயிற்றால் அறுக்க இரண்டு பேர் இருந்தால் நல்லது, விரல் மரத்துப்போகும். பலவீன அடுக்கு ஒரு மீட்டருக்குக் கீழே புதைந்திருந்தால் இரண்டு சோதனையையும் நம்ப முடியாது. விரிசல் ஓடவில்லை என்றாலும் அது அந்தக் குழிக்கு மட்டும்தான். இருபது மீட்டர் தள்ளி வேறு கதையாக இருக்கலாம். நான் தோண்டியதும் ஆறே குழி, அதுவும் ஒரே மலையில். அனுபவம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

ஐந்தாவது குழியில் பதினான்காம் தட்டில் விரிசல் முழுசாக ஓடியது. நான் திரும்பிவிடலாம் என்றேன். “என்ன மச்சான், இவ்வளவு தூரம் ஏறிட்டு!” என்று முனகிக்கொண்டே மாப்பிள்ளையும் இறங்கினார். மறுநாள் வேறொரு குழு அதே சரிவில் சறுக்கி இறங்கியது, ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் மாப்பிள்ளை கடையில் இன்னும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.