பெட்ஃபோர்ட் தீம் பார்க்கைக் காட்டி விற்கும் காணித் துண்டுகள்: காசு கட்ட முன்னம் வாசியுங்கள்

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் யூனிவர்சல் தீம் பார்க் வரப்போகிறது என்ற செய்தியைப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கிட்ட "ஒரு பரப்புக் காணி" என்று நம்மவர்களுக்கு வயல் துண்டு விற்கிறார்கள். எனக்கு விற்றவரும் நம்மவர்தான். நான் கட்டிய காசு 14,000 பவுண். கிடைத்தது வயலுக்கு நடுவில் 250 சதுர மீற்றர். அதில் வீடு கட்ட முடியாது, நம் துண்டுக்குப் போக வழியும் இல்லை. யூனிவர்சலுக்கும் இந்த வியாபாரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விற்பனையாளர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் மிச்சத்தையும் நம்புகிறார்கள். 2025 ஏப்ரல் 9ஆம் திகதி பிரதமரே அறிவித்த திட்டம் இது. கெம்ப்ஸ்டன் ஹார்ட்விக்கில் பழைய செங்கல் சூளை இருந்த இடமும் சுற்றியுள்ள நிலமுமாக 476 ஏக்கர். 2031இல் திறப்பதாகச் சொல்கிறார்கள். முதல் ஆண்டிலேயே 85 இலட்சம் பேர் வருவார்கள், கட்டுமானத்தையும் சேர்த்து 28,000 வேலைகள் என்பது அவர்களின் மதிப்பீடு. இதெல்லாம் பத்திரிகையில் வந்தவை. இதற்கு மேல் விற்பனையாளர் சேர்த்த வால் இது, வாட்ஸ்அப் குரல் பதிவில் இன்னமும் இருக்கிறது: "இவ்வளவு சனத்துக்கும் வீடு வேணுமே அண்ணை? கவுன்சில் எங்கடை வயலைத்தான் தேடி வரும். வீடு கட்டுற பிளானிங் அனுமதி எல்லாம் நாங்களே எடுப்பம், பெரிய பில்டருக்கு மொத்தமா வித்துத் தருவம். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, பேசாம இருங்கோ."

கையில் தந்த வரைபடம் வழுவழுப்பான தாளில் அழகாக அச்சடித்திருந்தது. பக்கத்துப் புதுக் குடியிருப்பான விக்ஸம்ஸின் ரெயில் நிலையம் ஏற்கெனவே இயங்குவதுபோல் சிவப்புப் புள்ளி. ஏ421 பெருவீதியிலிருந்து புதிய இணைப்பு வீதி ஒன்று நேரே நம் வயலைத் தொட்டு வளைந்து போனது. விக்ஸம்ஸின் கதை தெரிந்தவர்களுக்கு அந்தப் புள்ளியே போதும். நிலையம் வரும் என்ற நம்பிக்கையோடு அங்கே வீடு வாங்கிய சனம் பத்தாண்டுக்கு மேலாக ரெயிலுக்குக் காத்துக் கிடந்தது. தீம் பார்க்குக்காக அந்த நிலையத்தை இன்னும் பெரிதாகக் கட்டும் திட்டம் உண்மை. ஏ421க்கு இணைப்பு வீதிகளும் திட்டத்தில் உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தின் வரைபடங்கள் எல்லாரும் பார்க்கக்கூடிய பொது ஆவணங்கள். எடுத்துப் பார்த்தால், எங்கள் வயலை எந்த வீதியும் தொடவில்லை.

இப்போதைக்குப் பக்கத்தில் ஓடுவது பெட்ஃபோர்டுக்கும் பிளெட்ச்லிக்கும் இடையிலான சின்னப் பாதை. மணிக்கு ஒரு ரெயில், ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்ட்–கேம்பிரிட்ஜ் பாதை வந்தால் இது மாறும். எந்த நிலையம் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது அரசு, பிரசுரம் அடித்தவர் அல்ல.

வீட்டுத் திட்டம் எப்படி வருகிறது என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள், ஏமாற்று முழுக்க இங்கேதான் நடக்கிறது. யூனிவர்சல் அனுமதி கேட்டது சிறப்பு வளர்ச்சி ஆணை என்ற வழியில், நேரே மத்திய அரசிடம். அந்த ஆணை வரைபடத்தில் உள்ள எல்லைக்குள் மட்டுமே செல்லும், அடுத்த வயலுக்கு ஒரு அங்குலமும் நீளாது. பக்கத்தில் வீடுகள் எங்கே வரலாம் என்பது கவுன்சிலின் உள்ளூர்த் திட்டத்தில் முடிவாகும். பெரிய பில்டர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்னமே கமக்காரரோடு ஒப்பந்தம் போட்டு முழு வயலையும் பிடித்துவிடுவார்கள். 180 துண்டு, 180 சொந்தக்காரர், ஒவ்வொருவரிடமும் கையெழுத்து, அதில் பாதிப் பேர் கனடாவிலும் சுவிஸிலும். எந்த பில்டர் இந்தத் தலையிடியை விலை கொடுத்து வாங்குவான்?

இடத்தைப் போய்ப் பார்த்தேன். அறுத்த பயிரின் கட்டை நிற்கும் களிமண் நிலம். நம் துண்டின் நான்கு மூலையிலும் மரக்குச்சி, அதில் செம்மஞ்சள் நாடா, மார்க்கரால் எழுதிய இலக்கம். இரண்டு குச்சியை உழவு இயந்திரம் முறித்துப் போட்டிருந்தது. வயலை இன்னமும் பயிரிடும் கமக்காரர் மரியாதையாகவே பேசினார், வாரம் ஒரு தமிழ்க் குடும்பமாவது வந்து படம் எடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். வாயில் கதவுக்குப் பூட்டு. வீதிக்கும் வயலுக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய துண்டை விற்ற கம்பனி தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. நாளைக்கே பிளானிங் கிடைத்தாலும் அந்தத் துண்டுக்கு அவர்கள் கேட்கும் விலையைக் கொடுத்தால்தான் உள்ளே போகலாம்.

இதெல்லாம் லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசின் காணிப் பதிவகத்தில் 7 பவுண் கட்டினால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். முழு வயலையும் கம்பனி என்ன விலைக்கு வாங்கியது என்பதும் பதிவில் இருந்தது: 14 ஏக்கர், 165,000 பவுண். ஏக்கருக்குப் பன்னிரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, சாதாரண விவசாய நில விலைதான். 16 பரப்பு ஒரு ஏக்கர் என்ற ஊர்க் கணக்கைப் போட்டால் எனக்கு விற்ற பரப்பு அவர்களுக்குச் சுமார் 740 பவுணுக்கு வந்திருக்கிறது. 180 துண்டும் என் விலைக்குப் போனால் 25 இலட்சம் பவுண் சேரும்.

அவர்கள் சிபாரிசு செய்த சொலிசிட்டர் உறுதியைச் சரியாகத்தான் எழுதினார். காணி என் பெயரில் பதிவாகியிருக்கிறது, அதில் குறை இல்லை. பிளானிங் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கேட்டபோது "அது என் வேலைக்குள் வராது" என்றார். உங்களுக்கென்று வேறு சொலிசிட்டரைப் பிடியுங்கள்.

தீம் பார்க் அறிவிப்பு என்றால் கட்டாயம் வந்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். கென்ட் கவுண்டியில் ஸ்வான்ஸ்கோமில் லண்டன் ரிசார்ட் என்று 2012இல் அறிவித்தார்கள். அந்த நிலத்தின் ஒரு பகுதி இயற்கைப் பாதுகாப்பு இடமானது, 2022 மார்ச்சில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே இன்றைக்கும் சதுப்பு நிலம்தான்.

இனி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு. வெறும் காணி விற்பதற்கு எஃப்சிஏ என்ற நிதிக் கண்காணிப்பு அமைப்பின் அனுமதி தேவையில்லை, அதைத்தான் இவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஆனால் "நாங்களே பிளானிங் எடுத்து மொத்தமாக விற்றுத் தருவோம்" என்று சொல்லி விற்றால் அது கூட்டு முதலீட்டுத் திட்டமாகிவிடலாம், அதற்கு அனுமதி கட்டாயம். 2016இல், இப்படியே காணித் துண்டு விற்ற அசெட் லேண்ட் கம்பனியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்த்தது. அந்த வழக்கிலும் ஒப்பந்தத் தாளில் எழுதியிருந்தது ஒன்று, விற்பனையாளர்கள் வாயால் சொன்னது வேறு. நீதிமன்றம் வாயால் சொன்னதையும் எடுத்துக்கொண்டது. அனுமதியில்லாதவர் செய்த அப்படியான ஒப்பந்தத்தில் கட்டிய காசைத் திருப்பிக் கேட்க 2000ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டம் இடம் தருகிறது.

ஆகவே குரல் பதிவுகளை அழிக்காதீர்கள், போன் மாற்றினால் முதலில் அவற்றை வேறு இடத்தில் சேமியுங்கள். பிரசுரம், வங்கிப் பரிமாற்றத் தாள், விற்பனையாளர் வீட்டுக்கு வந்த திகதி எல்லாம் வேண்டும். நாங்கள் சில பேர் சேர்ந்து எஃப்சிஏயிடம் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். கம்பனி இன்னும் மூடப்படவில்லை, கணக்கில் காசும் இருக்கலாம். அதனால் முறைப்பாட்டை இந்த மாதமே கொடுப்பது நல்லது.