ஸ்கிரிப்டை ஓட்ட நான்கு வழிகள்: முழுப் பாதை, என்வ், ஷெல்லின் கருணை, பின்ஃபார்மட்-மிஸ்க்

லினக்ஸில் ஒரு ஸ்கிரிப்டின் பெயரைத் தட்டி என்டர் அடித்தால் அதை ஓட வைப்பது ஷெல் (நாம் தட்டும் கமாண்டுகளைப் படித்து ஓட்டும் புரோகிராம்) என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் ஷெல் செய்வது சின்ன வேலை. ஒரு புதிய பிராசஸை உருவாக்கி, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலிடம் வேலையை ஒப்படைக்கும் எக்ஸெக்வி என்ற சிஸ்டம் காலைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மிச்சமெல்லாம் கர்னலின் பாடு. அது ஃபைலின் தொடக்கத்திலிருந்து ஒரு துண்டைப் படித்து, தன்னிடம் பதிவாகியிருக்கும் லோடர்களிடம் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. இஎல்எஃப் பைனரி (லினக்ஸின் வழக்கமான, கம்பைல் செய்த புரோகிராம்) என்றால் அதற்கென்று ஒரு லோடர். முதல் இரண்டு பைட் #! என்று இருந்தால் ஸ்கிரிப்ட் லோடர் எடுத்துக்கொண்டு, அந்த வரியில் எழுதியிருக்கும் புரோகிராமைத் திறந்து, ஸ்கிரிப்டின் பாதையை அதற்கு ஆர்குமென்டாகக் கொடுத்து ஓட விடுகிறது. அப்படி ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டும் அந்த இன்டர்ப்ரெட்டரே இன்னொரு ஸ்கிரிப்டாக இருந்தாலும் பரவாயில்லை, நான்கு அடுக்கு வரை கர்னல் தொடர்ந்து போகும்.

இந்த ஏற்பாட்டை, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி 1980 ஜனவரியில் பெல் லேப்ஸில் அறிவித்தார். ஸ்கிரிப்டும் நிஜமான எக்ஸிக்யூட்டபிள் போலவே நடந்துகொள்ள வேண்டும், ஓடும் பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கமாண்டில் அதன் சொந்தப் பெயரே தெரிய வேண்டும், ஷெல் அல்லாத வேறு இன்டர்ப்ரெட்டர்களையும் எளிதாகப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பவை அவர் சொன்ன காரணங்களில் சில. இந்தப் பெயர் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இன்று ஒரு ஸ்கிரிப்டைப் பெயர் சொல்லி ஓட்ட நான்கு வழி இருக்கிறது. முதல் வரியில் முழுப் பாதை எழுதலாம், என்வ் என்ற சின்ன புரோகிராம் வழியாகப் போகலாம், எதுவும் எழுதாமல் ஷெல்லை நம்பலாம், இல்லையென்றால் கர்னலில் பின்ஃபார்மட்-மிஸ்க் என்ற வசதி மூலம் பதிவு செய்து வைக்கலாம். வேகத்தை வைத்து இவற்றை எடைபோடுவதில் அர்த்தம் இல்லை, வித்தியாசம் அவ்வளவு சொற்பம். எந்த இன்டர்ப்ரெட்டர் ஓட வேண்டும் என்று கடைசியாக முடிவெடுப்பது யார் என்று கேட்டுப் பார்த்தால் நான்கும் தனித்தனியாகத் தெரியும்.

முழுப் பாதையில் முடிவெடுப்பது ஃபைல். #!/யூஎஸ்ஆர்/பின்/பைதான்3 என்று எழுதினால் அதேதான் ஓடும், வேறு எதுவும் ஓடாது. யார் கூப்பிட்டாலும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் கூப்பிட்டாலும், அவர்களுடைய பாத் வேரியபிள் (புரோகிராம்களைத் தேட வேண்டிய டைரக்டரிகளின் பட்டியல்) எப்படி இருந்தாலும் மாற்றமில்லை. சிஸ்டத்தோடு வரும் டூல்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. ஃபெடோராவின் பேக்கேஜிங் விதிகள் என்வ் வரியைத் தடை செய்வதும், டெபியன் பெர்ல் புரோகிராம்களுக்கு முழுப் பாதையைக் கட்டாயமாக்குவதும் இதனால்தான். யாரோ தன் ஹோம் டைரக்டரியில் வேறொரு பைதான் நிறுவிவிட்டார் என்பதற்காக சிஸ்டத்தின் டூல் உடையக் கூடாது.

ஆனால் அந்தப் பாதை எல்லா மெஷினிலும் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் பேக்கேஜாக நிறுவிய பைதான் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் கீழே இருக்கும். நிக்ஸ்ஓஎஸ்ஸில் வழக்கமான இடங்களில் /பின்/எஸ்ஹெச், /யூஎஸ்ஆர்/பின்/என்வ் இரண்டையும் தவிர வேறு எதுவும் இருக்காது. ஆண்ட்ராய்டில் ஷெல்லே /சிஸ்டம்/பின் கீழே உட்கார்ந்திருக்கிறது. பாதை தப்பானால் வரும் எர்ரரும் கொடுமையானது. ஃபைல் கண்ணெதிரே இருக்கும், ஆனால் அப்படி ஒரு ஃபைலோ டைரக்டரியோ இல்லை என்று பதில் வரும். கர்னல் இல்லை என்று சொல்வது இன்டர்ப்ரெட்டரை, ஆனால் அது திருப்பிக் கொடுக்கும் எண்ணில் அந்த விவரத்தைச் சேர்க்க இடமில்லை. பாஷ் மட்டும் தன் பங்குக்கு முதல் வரியைப் படித்துப் பார்த்து, இன்டர்ப்ரெட்டர் சரியில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. விண்டோஸ் எடிட்டரில் சேமித்த ஸ்கிரிப்டில் வரி முடிவில் ஒரு கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். கர்னல் வரியின் கடைசியில் இருக்கும் ஸ்பேஸையும் டேபையும் நீக்கும், கேரேஜ் ரிட்டர்னைத் தொடாது. அது இன்டர்ப்ரெட்டரின் பெயரோடு ஒட்டிப் போய்விடும்.

நீளம் இன்னொரு சிக்கல். முதல் வரியைப் படிக்க கர்னல் வைத்திருந்த பஃபர் வெகுகாலம் 128 பைட்தான், லினக்ஸ் 5.1இல் 256 ஆனது. அந்த மாற்றத்துக்குச் சற்று முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பஃபருக்குள் அடங்காத வரியை கர்னல் அதுவரை சத்தமில்லாமல் வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தது. வெட்டப்பட்ட பாதையில் தப்பான புரோகிராம் ஓடும் ஆபத்து இருக்கிறதே என்று 5.0 தயாரான சமயத்தில் அதை எர்ரராக மாற்றினார்கள். நியாயமான திருத்தம். ஆனால் நிக்ஸ்ஓஎஸ்ஸில் பெர்ல் ஸ்கிரிப்டுகளின் முதல் வரி லைப்ரரி பாதைகளோடு சேர்ந்து மிக நீளமாக இருந்தது. பெர்ல் தானே ஃபைலைத் திறந்து முதல் வரியை முழுசாக மறுபடி படித்துக்கொள்ளும் என்பதால், கர்னல் வெட்டினாலும் அவை இத்தனை காலமும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. திருத்தம் வந்ததும் நின்றுபோயின. உடனே அதைத் திரும்பப் பெற்று, இன்டர்ப்ரெட்டரின் பாதை வெட்டுப்பட்டால் மட்டும் எர்ரர், ஆர்குமென்ட் வெட்டுப்பட்டால் விட்டுவிடு என்று மாற்றி எழுதினார்கள். பழைய புரோகிராம்களை உடைக்காமல் இருப்பதற்கு லினக்ஸில் எவ்வளவு மதிப்புத் தருகிறார்கள் என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது.

பைதான் பேக்கேஜ்களை நிறுவும் பிப்பும் இந்த நீள வரம்போடு மல்லுக்கட்டுகிறது. விர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் (ஒரு புராஜெக்டுக்கென்று தனியாக வைக்கும் பைதான் அமைப்பு) அது நிறுவும் கமாண்டுகளுக்கு முழுப் பாதைதான் எழுதும். பாதை வரம்பைத் தாண்டினாலோ நடுவில் ஸ்பேஸ் இருந்தாலோ, முதல் வரியில் /பின்/எஸ்ஹெச் என்று போட்டுவிட்டு, ஷெல்லுக்கு எக்ஸெக் கமாண்டாகவும் பைதானுக்கு வெறும் ஸ்ட்ரிங்காகவும் தெரிகிற மாதிரி அடுத்த வரிகளை எழுதிவிடும். அழகான தந்திரம், ஆனால் முதன்முதலாகத் திறந்து பார்ப்பவருக்கு ஃபைல் கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும்.

சரி, என்வ். #!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பைதான்3 என்ற வரியில் கர்னலுக்கு விசேஷம் எதுவும் தெரியாது. அதைப் பொறுத்தவரை என்வ்தான் இன்டர்ப்ரெட்டர். பாத் வேரியபிளை கர்னல் ஒருபோதும் பார்ப்பதில்லை, தேடுவதெல்லாம் என்வ். தேடிக் கண்டுபிடித்து இன்னொரு முறை எக்ஸெக்வியைக் கூப்பிடுகிறது. ஆக, இங்கே முடிவெடுப்பது ஓட்டுபவருடைய என்விரான்மென்ட். விர்ச்சுவல் என்விரான்மென்டை ஆக்டிவேட் செய்திருந்தால் அதிலுள்ள பைதான் வரும், மேக்கில் தனியாக நிறுவிய பைதான் பாத்தில் முதலில் இருந்தால் அது வரும். பல மெஷின்களுக்குப் பகிரும் ஸ்கிரிப்டுக்கு இதுவே சரி. அதே காரணத்தால், கையால் ஓட்டும்போது நன்றாக இருந்த ஸ்கிரிப்ட் கிரானில் தடுக்கி விழும், அங்கே பாத் மிகச் சுருக்கமாக இருக்கும். எர்ரரும் வராமல் வேறொரு வெர்ஷன் பைதானில் அமைதியாக ஓடிவிட்டால் இன்னும் மோசம்.

ரிட்சி விரும்பிய அந்தப் பெயர் இங்கே தொலைந்துபோகிறது. பிராசஸின் சுருக்கப் பெயராக கர்னல் வைப்பது எக்ஸெக்விக்குக் கொடுத்த ஃபைலின் பெயரை. முழுப் பாதை வழியில் அது ஸ்கிரிப்டின் பெயர். என்வ் இரண்டாவது முறை எக்ஸெக்வியைக் கூப்பிடும்போது கொடுப்பது பைதானின் பாதையை, எனவே பெயர் பைதான்3 ஆகிவிடும். ஸ்கிரிப்டின் பெயரை வைத்து பிஜிரெப்பிலோ கில்ஆலிலோ தேடினால் கிடைக்காது, முழு கமாண்ட் வரியிலும் தேடச் சொல்லும் பிஜிரெப்பின் -எஃப் ஆப்ஷன் வேண்டும். ஒரு சர்வரில் பத்து பைதான் சர்வீஸ் ஓடி, டாப்பில் பத்தும் ஒரே பெயரில் வரிசையாக நிற்கும்போது இது சின்ன விஷயமாகத் தெரியாது.

அப்புறம் ஆர்குமென்ட் தகராறு. இன்டர்ப்ரெட்டரின் பாதைக்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும் லினக்ஸ் ஒரே ஆர்குமென்டாகக் கட்டிக் கொடுக்கும். முழுப் பாதை எழுதி ஒரு ஆப்ஷன் சேர்த்தால் பிரச்சினை இல்லை. என்வ் வரியில் பைதான்3க்குப் பிறகு -யூ என்று சேர்த்தால், "பைதான்3 -யூ" என்று நடுவில் ஸ்பேஸோடு பெயர் கொண்ட ஒரு புரோகிராமை என்வ் தேடும். கிடைக்காது. மேக்ஓஎஸ் அந்த வரியைப் பிரித்துக் கொடுக்கிறது, அதனால் மேக்கில் எழுதிய ஸ்கிரிப்ட் லினக்ஸுக்கு வந்ததும் நிற்கிறது. ஃப்ரீபிஎஸ்டியும் முன்பு பிரித்துத்தான் கொடுத்தது. 6.0இல் அதை நிறுத்திவிட்டு, பிரிக்கும் வேலையை என்வுக்கே -எஸ் என்ற ஆப்ஷனாகக் கொடுத்தார்கள். க்னூ கோர்யூட்டில்ஸுக்கு அதே ஆப்ஷன் 2018இல், 8.30 வெர்ஷனில் வந்து சேர்ந்தது. இன்று -எஸ் போட்டு எழுதினால் மூன்றிலும் ஓடும். யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரம் இதில் கைகொடுக்காது. ஷெல் கமாண்டுகள் உள்ள ஃபைல் #! என்று தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை வரையறுக்காமலே விட்டிருக்கிறது.

மூன்றாவது வழியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். முதல் வரியே இல்லாத ஸ்கிரிப்டை எக்ஸெக்வியிடம் கொடுத்தால் எந்த லோடரும் ஏற்காது, ஃபார்மட் தெரியவில்லை என்று கர்னல் திருப்பி அனுப்பும். அப்படித் திரும்பி வந்தால் ஷெல் ஸ்கிரிப்டாக நினைத்து ஓட்டு என்பது போசிக்ஸ் ஷெல்லுக்குச் சொல்லும் விதி, சி லைப்ரரியின் எக்ஸெக்விபியும் /பின்/எஸ்ஹெச்சைக் கொண்டு அதையே செய்கிறது. அதனால் டெர்மினலில் ஓடிவிடும். அதே ஃபைலை பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் சர்வீஸாகப் போட்டாலோ பைதானின் சப்பிராசஸில் கொடுத்தாலோ ஃபார்மட் எர்ரரோடு நிற்கும், ஏனென்றால் அங்கே இரக்கப்பட்டு எடுத்து ஓட்ட ஷெல் இல்லை. கூப்பிடுபவரின் கருணையைப் பொறுத்து ஓடும் புரோகிராமை எப்படி நம்புவது?

இதில் ஒளிந்திருக்கும் ஒரு குழி, யூடிஎஃப்-8 பிஓஎம். சில எடிட்டர்கள் ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைச் சேர்க்கும். முதல் வரி எடிட்டரில் சரியாகவே தெரியும், ஆனால் கர்னலுக்கு #! முதல் இரண்டு பைட்டில் இல்லை, அதனால் அது ஸ்கிரிப்டே இல்லை. ஷெல் அதை எடுத்து ஷெல் ஸ்கிரிப்டாக ஓட்டுகிறது. பைதான் கோடின் இம்போர்ட் என்ற வார்த்தையை ஷெல் கமாண்டாகப் பார்க்கும்போது, அந்த மெஷினில் இமேஜ்மேஜிக் இருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் இம்போர்ட் கமாண்ட் கிளம்பி, மவுஸ் கர்சர் கூட்டல் குறியாக மாறிவிடும். பைதான் ஸ்கிரிப்டை ஓட்டினால் கர்சர் ஏன் மாறுகிறது என்று யாராவது கேட்டால், முதல் வரி கர்னலின் கண்ணில் படவில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

பின்ஃபார்மட்-மிஸ்க் லினக்ஸுக்கே உரியது. இங்கே முடிவெடுப்பது மெஷினின் அட்மின். ஃபைலின் தொடக்கத்தில் இன்ன பைட்டுகள் இருந்தால், அல்லது பெயரின் கடைசியில் இன்ன எக்ஸ்டென்ஷன் இருந்தால், இந்த இன்டர்ப்ரெட்டரைக் கூப்பிடு என்று /பிராக் கீழே உள்ள ஒரு ஃபைலில் ஒரு வரி எழுதிப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஓட்டப்படும் ஃபைலைத் தொடத் தேவையில்லை. இன்டெல் மெஷினில் ஆர்ம் பைனரிகளை கியூஇஎம்யூ என்ற எமுலேட்டர் வழியாக ஓட்டுவது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லுக்குள் விண்டோஸ் இஎக்ஸ்இ ஃபைலைத் தட்டினால் ஓடுவது எல்லாம் இதன் கைங்கரியம். எஃப் என்ற கொடியோடு பதிவு செய்தால் கர்னல் அந்த நேரத்திலேயே இன்டர்ப்ரெட்டரைத் திறந்து வைத்துக்கொள்ளும், அதனால் கன்டெய்னருக்குள் கியூஇஎம்யூ இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

வேறு ஆர்கிடெக்சரின் பைனரிகளுக்கு இதற்கு ஈடு கிடையாது. நாம் எழுதும் ஸ்கிரிப்டுகளுக்கு இதைப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்காது. பதிவுகள் லோடர் வரிசையில் முன்னால் நிற்கும், ஒரு எக்ஸ்டென்ஷனைப் பதிவு செய்துவிட்டால் ஃபைலில் உள்ள #! வரியைக்கூட அது மீறிவிடும். ஃபைலைத் திறந்து பார்ப்பவருக்கு எது ஓடும் என்பதற்கான தடயமே இருக்காது. வேறு மெஷினுக்கு ஃபைலைக் கொண்டுபோனால் அந்தப் பதிவு கூடவே வராது.

ஃபைலை அதன் சொந்தக்காரரின் உரிமையோடு ஓட்டும் செட்யூஐடி விஷயத்திலும் இவை வேறுபடுகின்றன. #! ஸ்கிரிப்டில் செட்யூஐடி பிட்டை லினக்ஸ் கண்டுகொள்ளாது. கர்னல் ஃபைலைப் பார்த்ததற்கும் இன்டர்ப்ரெட்டர் அதே பாதையை மறுபடி திறப்பதற்கும் நடுவில் யாராவது சிம்லிங்க்கை, அதாவது வேறொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பை, மாற்றிவிடலாம் என்ற பழைய ஓட்டைதான் காரணம். சோலாரிஸ் ஃபைலைத் திறந்து அந்தத் திறந்த ஃபைலைக் குறிக்கும் டிஸ்கிரிப்டரையே /டெவ்/எஃப்டி பாதையாகக் கொடுத்து அதை அடைத்தது. பின்ஃபார்மட்-மிஸ்க்கில் சி என்ற கொடி, திறந்த டிஸ்கிரிப்டரைக் கொடுத்து, ஃபைலின் செட்யூஐடியையும் மதிக்கும். அப்போது இன்டர்ப்ரெட்டரே ரூட்டாக ஓடும் என்பதால் பெரும்பாலோர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஆக, பேக்கேஜாக நிறுவப்படும் ஸ்கிரிப்டுக்கு நிறுவும் நேரத்தில் எழுதப்பட்ட முழுப் பாதை, கிட்டில் பகிரும் ஸ்கிரிப்டுக்கு என்வ், ஆப்ஷன் தேவைப்பட்டால் என்வ் -எஸ். நான் இப்படித்தான் எழுதுகிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், பைதான்3 என்று தட்டி அதன் பின்னால் ஃபைலின் பெயரைக் கொடுத்தால் கர்னலின் கண்ணுக்கு அந்த ஃபைல் வெறும் டேட்டா. எக்ஸிக்யூட் அனுமதி இல்லாவிட்டாலும், ஓட்டத் தடை விதிக்கும் நோஎக்ஸெக் போட்டு மவுண்ட் செய்த டிஸ்க்கில் இருந்தாலும் ஓடும். இந்த இடைவெளியை அடைக்க லினக்ஸ் 6.14இல் ஒரு கொடி வந்திருக்கிறது. ஒரு ஃபைலை ஓட்டாமலே, ஓட்ட அனுமதி உண்டா என்று இன்டர்ப்ரெட்டர் கர்னலிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கேட்க வேண்டியது இன்டர்ப்ரெட்டர்தான். பைதானும் பெர்லும் ஷெல்களும் ஒவ்வொன்றாக அதைக் கேட்கத் தொடங்கினால்தான் அந்தக் கொடிக்குப் பயன் உண்டு.