கிளே பார்: ஐந்து ஆயுத பூஜைகளுக்கு அப்புறம்

கிளே பார் என்பது கார் பெயிண்டில் ஒட்டிக்கொண்ட துகளைப் பிடுங்கி எடுக்கும் ஒரு கட்டி. என் வண்டி 2016 மாடல் வெள்ளை ஸ்விஃப்ட். இருப்பது வில்லிவாக்கம். வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை, எதிரே ஒரு கிரில் பட்டறை, பார்க்கிங்குக்கு மேலே கூரை கிடையாது. இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூடிய பார்க்கிங்கில் வண்டி வைத்திருப்பவருக்கு நான் சொல்வதில் பாதி தேவைப்படாது.

2020 ஆயுத பூஜைக்கு முதல் நாள் வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, சந்தனம் வைக்க பானெட்டில் கையை வைத்தேன். சொரசொரவென்று இருந்தது. கண்ணுக்குப் பளிச்சென்றுதான் தெரிகிறது, கை வைத்தால் உப்புத்தாள். மறுபடி ஷாம்பு போட்டுத் தேய்த்தும் அப்படியே. வாட்ச்மேன் அண்ணன் பார்த்துவிட்டு, "மண்ணெண்ணெய்ல தொடைங்க சார், எல்லாம் வந்துரும்" என்றார். துடைத்தேன். கதவுக்குக் கீழே ஒட்டியிருந்த நாலைந்து தார்ப் புள்ளி வந்தது, மண்ணெண்ணெய் வாடை இரண்டு நாள் இருந்தது, சொரசொரப்பு அசையவே இல்லை. பக்கத்தில் ஒரு பாலிஷ் கடையில் கேட்டால், பெயிண்டே செத்துப்போச்சு, மிஷின் போட்டு ரப்பிங் பண்ணியே ஆகணும் என்று எட்டாயிரம் சொன்னார்கள்.

கோயம்புத்தூரில் இருக்கும் அத்தை பையனுக்கு போன் போட்டேன், வண்டிப் பைத்தியம் அவன். "பெயிண்ட்ல ஒண்ணும் இல்ல மச்சான், பெயிண்ட்டுக்கு மேலதான் இருக்கு. ஒரு பிரெட் பாக்கெட் கவருக்குள்ள கையை விட்டுத் தடவிப் பாரு" என்றான். செய்து பாருங்கள், இதற்குக் காசு கிடையாது. மெல்லிய கவருக்குள் விரலை விட்டுத் தடவினால் வெறும் கைக்குத் தெரியாத துகள்கூட மணல் மாதிரி நெருடும். பானெட்டிலும் கூரையிலும் அதிகமாக இருந்தது, கதவுகளில் குறைவு. மேலேயிருந்து விழுந்து படிவதுதான் பிரச்சினை என்பது அப்போதே புரிந்துவிட்டது.

விழுவது என்ன? ஸ்டேஷன் பக்கம் ரயில் பிரேக் பிடிக்கும்போது தேய்ந்து பறக்கும் இரும்புத் துகள் ஒன்று. எதிரே பட்டறையில் கிரைண்டர் வைத்தால் பறக்கும் பொறி இன்னொன்று. சூடாக வந்து விழும் துகள் பெயிண்டில் பதிந்துகொள்கிறது, அப்புறம் மழையிலும் பனியிலும் துரு ஏறி நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. வெள்ளை வண்டி என்றால் ஆரஞ்சு நிறத்தில் மிளகாய்த்தூள் தூவியது போலப் புள்ளிகள் தெரியும், கறுப்பு வண்டிக்காரர்களுக்கு அதுவும் தெரியாது. போதாததற்கு மரப்பிசின், தார், அடுத்த மனையில் கட்டடம் கட்டினால் பறந்து வரும் சிமெண்ட். இது எதுவும் ஷாம்புக்கு அசையாது.

அதற்குத்தான் கிளே பார். பிள்ளைகள் விளையாடும் கிளே மாதிரியே இருக்கும், பிசின் போன்ற பொருளில் மிக நைசான, உரசித் தேய்க்கும் தூள் கலந்தது. ஜப்பானில் பிறந்த சரக்கு. ததாவோ கொதாதே என்பவருக்கு 1995ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வேலை செய்யும் விதம் எளிது. வழுக்கலான பெயிண்ட் மேல் வழுக்கிக்கொண்டு போகும், நீட்டிக்கொண்டிருக்கும் துகள் எதிர்ப்பட்டால் அதைப் பிடுங்கித் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானே புரியும்: வழுக்கல் இல்லாவிட்டால் அது பெயிண்டைத் தேய்க்கிறது, அவ்வளவுதான்.

முதல் தடவை 100 கிராம் கட்டி ஒன்று வாங்கினேன், ஐநூறு ரூபாய்க்குள். மென்மையாக உரசும் ஃபைன் கிரேடே போதும், கடைக்காரர் கடுமையாக உரசும் ஹெவி கிரேடைத் தள்ளினால் வாங்காதீர்கள். இரண்டாக வெட்டி, ஒரு பாதியைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து தட்டையாக்கி, ஷாம்பு கலந்த தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, இரண்டடிக்கு இரண்டடி இடத்தைச் சொட்டச் சொட்ட நனைத்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். அழுத்தக் கூடாது. வட்டமாகவும் தேய்க்கக் கூடாது, நேர்கோட்டில் போய் வர வேண்டும். முதலில் விரலுக்கடியில் சர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்கும், கையை யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். ஏழெட்டுத் தடவை போய் வந்ததும் அந்தச் சத்தம் அடங்கிவிடும். அடங்கினால் அந்த இடம் முடிந்தது. கிளேயைத் திருப்பிப் பார்த்தால் வெளிர் நீலமாக இருந்தது பழுப்பாகி, நடுவே கருப்புக் கருப்பாகப் புள்ளிகள். அதை உள்ளே மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவந்து அடுத்த இடம். முழு வண்டிக்கு மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் பானெட்டில் துணியைப் போட்டால் தானாக நழுவி விழுந்தது, நான் வண்டி வாங்கிய அன்றுகூட இப்படி வழவழப்பு இருந்ததா என்று சந்தேகம்.

இரண்டு தப்பு செய்தேன், இரண்டும் என் மேல்தான்.

ஒன்று, கட்டி கை நழுவித் தரையில் விழுந்தது. கழுவிவிட்டு மறுபடி உபயோகித்தேன். தரையிலிருந்த மணல் கிளேக்குள் புதைந்துவிட்டால் தண்ணீருக்கு வராது. டிரைவர் பக்கக் கதவில் பூனை பிறாண்டியது போல நாலு கோடு, இன்றைக்கும் இருக்கிறது. விழுந்த கட்டி குப்பைக்குத்தான், காசைப் பார்க்காதீர்கள். பாதியாக வெட்டச் சொன்னதும் இதற்காகத்தான்.

இரண்டாவது கொஞ்சம் பெரிசு. அந்த வழவழப்புக்கு நான் அடிமையாகிவிட்டேன். 2021ல் மட்டும் நாலு தடவை கிளே போட்டேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேசாக நெருடினால்கூட ஸ்பிரே பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கீழ்வீட்டுப் பாட்டி "இன்னிக்கும் வண்டிக்குக் குளியலா" என்று கேட்கும் அளவுக்கு. வருடக் கடைசியில் ஒரு ராத்திரி செல்போன் டார்ச்சைப் பானெட்டில் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பளபளப்பு மங்கி, மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் வரிவரியாக. என் கை போன திசை. பெயிண்டின் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு சாதாரணமாக 40, 50 மைக்ரான் அளவுதான், அதாவது ஒரு தலைமுடியைவிடச் சன்னம். அதை நான் மூன்று மாதத்துக்கொருமுறை உரசிக்கொண்டிருந்தேன். சரிசெய்ய மிஷின் பாலிஷ் போட வேண்டியதாயிற்று. எட்டாயிரம் மிச்சம் என்று பெருமைப்பட்டவன் ஐயாயிரம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வழவழப்பு கைக்கு, பளபளப்பு கண்ணுக்கு. கிளே கொடுப்பது முதலாவதை மட்டும்தான், அதிலும் இரண்டாவதில் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு கொடுக்கிறது. கடைப் பொட்டலத்தில் இதை எழுத மாட்டார்கள்.

2022லிருந்து முறையை மாற்றினேன். வருடத்துக்கு ஒரே தடவை, ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். முதலில் அயர்ன் ரிமூவர் ஸ்பிரே. தயோகிளைகோலேட் உப்பு கலந்த திரவம், இரும்பைக் கண்டால் ஊதாவாக மாறும். முதல் தடவை அடித்துவிட்டு இரண்டு நிமிடம் நின்றேன், வெள்ளை பானெட் முழுக்க நாவல்பழச் சாறு வழிகிறது. அத்தனை இரும்பா என்று பயமாகவே இருந்தது. நாற்றம் மட்டும் சகிக்காது, அழுகின முட்டை. என் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "பார்லர்ல முடியைச் சுருட்டறதுக்குப் போடுற மருந்து வாடை வருது" என்றாள், அதிலும் இதே குடும்பத்து ரசாயனம்தான். வெயிலில் அடிக்காதீர்கள், காய விடாதீர்கள், நிழலில் வண்டி ஆறியிருக்கும்போது அடித்து நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். இதற்கு அப்புறம் கிளேக்கு வேலை பாதிகூட இருப்பதில்லை. மூன்று மணி நேரம் ஒன்றரையாகிவிட்டது, இரண்டு கதவுகளில் கிளே தேவையே படவில்லை. ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்க என்றால், ரயில் பக்கமோ பட்டறைப் பக்கமோ இருப்பவருக்கு நான் அயர்ன் ரிமூவரைத்தான் சொல்வேன்.

கிளே டவலும் ஒரு வருடம் வைத்திருந்தேன். துணியின் ஒரு பக்கம் ரப்பர் மாதிரிப் பூச்சு. வேகம், கீழே விழுந்தாலும் அலசிவிட்டு எடுக்கலாம். ஆனால் விரல் நுனிக்கு ஒன்றும் தெரியாது, கை அகலத்துக்கு ஒரேயடியாக உரசிக்கொண்டு போகும். எனக்குப் பிடிக்கவில்லை. மாதம் நாலு வண்டி பார்ப்பவருக்கு அதுதான் சரி.

கிளேயால் போகாதது போர்த் தண்ணீர்க் கறை. கழுவிவிட்டு வெயிலில் அப்படியே காயவிட்டால் உப்பு வட்டவட்டமாகப் படியும். புதிதாக இருந்தால் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தால் வருகிறது, உடனே அலசிவிட வேண்டும். பெயிண்டுக்குள் இறங்கிவிட்டால் பாலிஷ்தான். காக்கா எச்சமும் அப்படியே, உள்ளே இறங்க ஒரு மத்தியானம் போதும்.

கிளே போட்ட அன்றைக்கே பெயிண்டைக் காக்கும் பூச்சாக வாக்ஸோ (மெழுகு) சீலண்டோ (ரசாயனப் பூச்சு) போட்டுவிடுங்கள். பழைய வாக்ஸும் கிளேயோடு வந்துவிடுவதால் வண்டி அம்மணமாக நிற்கிறது. கார்னவ்பா வாக்ஸ் (ஒரு வகைப் பனைமர மெழுகு) நம் வெயிலுக்கு எனக்கு ஆறு வாரம் தாண்டியதில்லை, சிந்தெடிக் சீலண்ட் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டிப் பொங்கல் வரை நிற்கிறது. ஆயுத பூஜை வாரத்தைப் பிடித்ததற்கு இதுவும் காரணம், சாமி குத்தம் மட்டும் இல்லை.

அழுக்கான பழைய கிளே கட்டியை உடனே தூக்கிப்போட வேண்டாம், தரையில் விழாததாக இருந்தால். ஒரு தயிர் டப்பாவில் கொஞ்சம் ஷாம்புத் தண்ணீரோடு போட்டு மூடி வைத்திருக்கிறேன். அதை வைத்து முன் கண்ணாடியைத் தேய்த்த பிறகு, இரண்டு வருடமாக கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டிருந்த வைப்பர் சத்தம் நின்றுவிட்டது. பிளேடு மாற்றச் சொல்லி இரண்டு தடவை காசு வாங்கியிருந்தார்கள்.