பெயர் தெரியாத ஓவியரைத் தேடிப் போக எந்த விழா? எஸ்பிஎக்ஸ், டிகாஃப், கொமிட்டியா: ஓர் ஒப்பீடு

காமிக்ஸ் விழா என்றதும் பலருக்கு அமெரிக்காவின் சான் டியாகோ காமிக்-கான்தான் நினைவுக்கு வரும். ஒரு லட்சத்துக்கும் மேலான கூட்டம், சினிமா அறிவிப்புகள், நட்சத்திரங்களைப் பார்க்க நீளும் வரிசை. இங்கே பேசப்போவது வேறு வகை விழாக்களைப் பற்றி. கதையும் படமும் தானே செய்து, பல சமயம் அச்சும் தானே போட்டு, மடித்து, ஸ்டேப்பிள் அடித்து, ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தானே விற்கிற ஓவியர்களின் விழாக்கள். இந்த வகையில் மூன்று என் மனதுக்கு மிகவும் நெருக்கமானவை: அமெரிக்காவின் எஸ்பிஎக்ஸ் (ஸ்மால் பிரஸ் எக்ஸ்போ), கனடாவின் டிகாஃப் (டொராண்டோ காமிக் ஆர்ட்ஸ் ஃபெஸ்டிவல்), ஜப்பானின் கொமிட்டியா.

எது பெரியது, எது புகழ்பெற்றது என்பது எனக்கு முக்கியமில்லை. நேற்றுவரை பெயர்கூடக் கேள்விப்படாத ஒருவரின் புத்தகம் என் கைக்கு வந்து சேர எந்த விழா அதிகம் உதவுகிறது? அதை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில், மேசை யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். எஸ்பிஎக்ஸ் 1994இல் மேரிலாண்ட் மாநிலத்தின் பெதெஸ்டா நகரில் தொடங்கியது. 2006 முதல் அதை ஒட்டிய நார்த் பெதெஸ்டாவிலுள்ள மாரியட் ஹோட்டலின் மாநாட்டு அரங்கில், வழக்கமாக செப்டம்பர் வார இறுதியில் நடக்கிறது. சிலரை அழைக்கிறார்கள், மற்ற மேசைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறார்கள். அந்தக் குலுக்கலை நான் பெரிதாக மதிக்கிறேன். குலுக்கல் யாருடைய பெயரையும் புகழையும் பார்ப்பதில்லை. ஃபேன்டாகிராஃபிக்ஸ், டிரான் அண்ட் குவார்ட்டர்லி மாதிரி பேர்பெற்ற பதிப்பகங்கள் இருக்கும் அதே அரங்கில், முதல் புத்தகத்தை நகலெடுப்பு இயந்திரத்தில் போட்டுக் கொண்டுவந்த கல்லூரி மாணவரும் உட்கார்ந்திருப்பார்.

டிகாஃப் 2003இல் பிறந்தது. டொராண்டோவின் 'தி பிகைலிங்' காமிக்ஸ் கடையைச் சேர்ந்த பீட்டர் பிர்க்மோவும் கிறிஸ்டஃபர் புட்சரும் தொடங்கியது. இங்கே தேர்வுக்குத்தான் அதிக இடம். விண்ணப்பங்களைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் விருந்தினர்களை வரவழைக்கிறார்கள். அதனால் எந்த மேசையில் நின்றாலும் தரம் இருக்கும், ஏமாற்றம் குறைவு. ஆனால் கண்டுபிடிக்கும் வேலையில் ஒரு பங்கை நமக்கு முன்பே வேறு ஒருவர் முடித்துவிட்டார் என்பதும் உண்மைதான்.

டோக்கியோவின் கொமிட்டியா இரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. ஜப்பானில் சொந்தமாக அச்சடித்து விற்கும் மங்கா விழாக்களில் கொமிக்கெட் மிகப் பெரியது. 1975 டிசம்பரில் 32 குழுக்களோடும் சுமார் 700 பார்வையாளர்களோடும் ஆரம்பித்தது. அங்கே ஏற்கெனவே பிரபலமான பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் வரையும் கதைகள் ஏராளம். 1984இல் வந்த கொமிட்டியா ஒரே ஒரு நிபந்தனை வைத்தது: சொந்தக் கற்பனை மட்டும்தான், அடுத்தவர் பாத்திரத்துக்கு இடமில்லை. அந்த நிபந்தனையை ஏற்கிற யாரும் விண்ணப்பிக்கலாம். ஒரு குழுவுக்குக் கிடைப்பது அரை மேசை, அதாவது 90 சென்டிமீட்டர் அகலம். வருடத்துக்கு நான்கு முறை டோக்கியோ பிக் சைட் வளாகத்தில் கூடுகிறது. ஆயிரக்கணக்கான குழுக்கள். கதவு அகலம் என்று பார்த்தால் கொமிட்டியாவுக்கு ஈடில்லை.

ஆனால் கதவு அகலமாக இருப்பதாலேயே தேடல் எளிதாகிவிடாது. இங்கேதான் ஒப்பீடு சுவாரசியமாகிறது.

சிறுபதிப்பு விழாக்களுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். மேசையில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கிறீர்கள். அதை வரைந்தவர் ஓர் அடி தூரத்தில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பக்கம் புரட்டுகிறீர்கள். பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் கீழே வைத்துவிட்டு நகர்வது அத்தனை லேசான காரியமில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இதற்குப் பயந்தே மேசைக்கு இரண்டடி தள்ளி நடந்து, அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அட்டை பளிச்சென்று இருப்பவர் விற்கிறார், உள்ளே நல்ல கதை வைத்திருப்பவர் காத்திருக்கிறார். எஸ்பிஎக்ஸிலும் டிகாஃபிலும் இந்தக் குறை இருக்கிறது.

கொமிட்டியா இதற்கு அழகான தீர்வு வைத்திருக்கிறது. பங்கேற்கும் குழுக்கள் கொடுக்கும் மாதிரிப் பிரதிகளை ஓரிடத்தில் அடுக்கி வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் அங்கே போய் நின்று நிதானமாகப் படிக்கலாம். வரைந்தவர் பக்கத்தில் இல்லை, விற்க யாரும் இல்லை, நீங்களும் புத்தகமும் மட்டும். பிடித்திருந்தால் மேசை எண்ணைக் குறித்துக்கொண்டு போய் வாங்க வேண்டியதுதான். விழா முடிந்த பிறகு அந்தப் பிரதிகளை வைத்துத் தனியாக வாசிப்புக் கூட்டமும் நடத்துகிறார்கள். அங்கே வாசகர்கள் பரிந்துரைத்தவை 'டியாஸ் மேகஸின்' என்ற அவர்களது விழா மலரில் இடம்பெறுகின்றன. ஒரு விழாவில் யாரும் கவனிக்காமல் போன ஓவியருக்கு அடுத்த விழாவில் வாசகர் வந்து சேர்வது இப்படித்தான். வணிகப் பத்திரிகைகளின் ஆசிரியர் குழுக்களும் அங்கேயே மேசை போட்டு, புதியவர்களின் பக்கங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் வட அமெரிக்க விழாக்கள் கொமிட்டியாவைப் பார்த்துத் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம் என்று மனதார நினைக்கிறேன். ஓர் அறை, சில அலமாரிகள், இரண்டு தன்னார்வலர்கள் போதும்.

நமக்குத் தடை மொழி. ஜப்பானிய மொழி படிக்கத் தெரியாதவருக்கு கொமிட்டியாவில் கிடைப்பது படங்களின் கண்டுபிடிப்பு மட்டும். படத்தொகுப்புகளும் வசனமில்லாத கதைகளும் உண்டுதான். ஆனாலும் ஒருவர் எப்படிக் கதை சொல்கிறார் என்பது தெரியாமல் அவரைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, மனிதர்களோடு பேசுவது. இதில் எஸ்பிஎக்ஸ் வெகுதூரம் முன்னே நிற்கிறது. காரணம் அரங்கின் அமைப்பு. எல்லா மேசைகளும் ஒரே பெரிய கூடத்தில் இருக்கின்றன. ஒரு நாளில் எல்லா வரிசைகளையும் நடந்து முடிக்கலாம், மறுநாள் திரும்பவும் வரலாம். வருகிறவர்கள் இதற்கென்றே டிக்கெட் வாங்கி வந்தவர்கள். ஓவியர்களில் பலர் தங்குவதும் அதே ஹோட்டலில் என்பதால், சனிக்கிழமை மாலை விற்பனை முடிந்தாலும் பேச்சு முடிவதில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் தங்களுக்குள் புத்தகங்களை மாற்றிக்கொள்வார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் கூடத்தில் நீங்கள் யாருடைய புத்தகத்தை வாங்கினீர்கள்?" ஓவியர்கள் ஒருவரையொருவர் கூர்ந்து பார்க்கிறார்கள். இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் எந்தப் பட்டியலையும் விட நம்பகமானவை.

பட்டியல் வேண்டும் என்றாலும் எஸ்பிஎக்ஸ் தருகிறது. 1997 முதல் அங்கே இக்னாட்ஸ் விருதுகள் வழங்கப்படுகின்றன. ஐந்து ஓவியர்கள் கொண்ட குழு பரிந்துரைப் பட்டியலைத் தயாரிக்கும், வெற்றியாளரை வாசகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். பரிசு ஒரு செங்கல். ஜார்ஜ் ஹெரிமன் 1913 முதல் 1944 வரை வரைந்த 'கிரேஸி கேட்' தொடரில் இக்னாட்ஸ் என்ற எலி பூனையின் தலையில் செங்கல் எறிந்துகொண்டே இருக்கும், பூனை அதை அன்பு என்று எடுத்துக்கொள்ளும். அதன் நினைவாகத்தான் இந்தச் செங்கல். ஓவியரே சிறிய அளவில் அச்சிட்டு விற்கும் மினி காமிக்ஸுக்கும், நம்பிக்கை தரும் புதியவருக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. யார் ஜெயித்தார் என்பதை விட, அந்த இரண்டு பிரிவுகளிலும் யார் யார் பரிந்துரைக்கப்பட்டார்கள் என்று பார்த்துவிட்டு அரங்குக்குள் நுழைவது பயன் தரும்.

டொராண்டோவில் டிகாஃபை ஒட்டி டக் ரைட் விருதுகள் அறிவிக்கப்படுவது வழக்கம். 2005 முதல் வழங்கப்படுகின்றன. கனடா ஓவியர்களுக்கானவை, நடுவர்கள் தேர்ந்தெடுப்பவை. கனடாவின் காமிக்ஸ் எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துகொள்ள நல்ல வழி. வாசகருக்கு வாக்கு இல்லாததால் அந்தப் பரபரப்பு கொஞ்சம் குறைவு.

அதற்காக டிகாஃபைத் தாழ்த்திச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2009 முதல் பல ஆண்டுகள் அது டொராண்டோ ரெஃபரன்ஸ் நூலகத்தில் நடந்தது. ரேமண்ட் மொரியாமா வடிவமைத்து 1977இல் திறந்த கட்டடம், நடுவே திறந்தவெளியும் சுற்றி மாடிமாடியாகப் புத்தகங்களும். அந்த நூலகக் காலத்தில் நுழைவு இலவசம். வேறு வேலையாக நூலகத்துக்கு வந்த பாட்டியும் பேரனும்கூட உள்ளே வந்து புத்தகம் வாங்கிப் போகலாம். காமிக்ஸ் வாசகரே அல்லாத ஒருவர் வாசகராக மாற இதைவிட நல்ல இடம் கிடையாது. நூலகர்களையும் ஆசிரியர்களையும் மனதில் வைத்துத் தனி நிகழ்ச்சிகள் நடத்தியதும் டிகாஃபின் பெருமை. நண்பகலுக்குப் பிறகு நெரிசலில் ஒரு மேசை முன் இரண்டு நிமிடம் நிற்பது கஷ்டம் என்பது மட்டும்தான் தேடி வருபவரின் குறை. 2025இல் விழா பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்துக்கு, இப்போதைய மாட்டமி விளையாட்டரங்கத்துக்கு, இடம் மாறியது. நூலகத்துக்குள் காமிக்ஸ் விழா என்ற அந்தப் பொருத்தம் போனதில் எனக்கு வருத்தம்தான். டொராண்டோவில் சொந்தபந்தம் உள்ள தமிழர்கள் நிறையப் பேர். குழந்தைகளோடு போவதாக இருந்தால் யோசிக்காமல் டிகாஃப் என்றே சொல்வேன்.

இத்தனை தேடல் எதற்கு என்று கேட்கலாம். ஏட்ரியன் டோமினி 1991இல் பள்ளிப் பையனாக 'ஆப்டிக் நெர்வ்' இதழைத் தானே அச்சிட்டு விற்கத் தொடங்கினார். 1995இல் அதை டிரான் அண்ட் குவார்ட்டர்லி வெளியிட ஆரம்பித்தது. அந்த நான்கு ஆண்டுகளுக்குள் அவரைப் படித்தவர்களில் பலர் இப்படித் தேடிப் போனவர்கள்தான். டொராண்டோவில் ஆனி கொயாமா 2007இல் தொடங்கி 2021 வரை நடத்திய கொயாமா பிரஸ், இப்படிப்பட்ட புதியவர்களைத் தேடிப் பிடித்தே ஒரு பதிப்பகத்தைக் கட்டியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் 2011 முதல் எஸ்பிஎக்ஸில் கிடைக்கும் மினி காமிக்ஸ்களைச் சேகரித்து வைக்கிறது. ஐம்பது பிரதி மட்டுமே அடித்த புத்தகத்துக்கும் அங்கே இடம் கிடைக்க வழி இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

எந்த விழாவுக்குப் போனாலும் ரிசோ அச்சுப் புத்தகங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஜப்பானில் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மலிவாகப் பிரதி எடுக்கச் செய்த இயந்திரம் அது. ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக ஏறும், ஒன்றுக்கொன்று மயிரிழை விலகும். அதன் ஒளிரும் இளஞ்சிவப்பு கைபேசித் திரையில் அப்படியே வராது. நேரில் போவதற்கு அதுவே ஒரு காரணம்.

சரி, ஒரே ஒரு பயணத்துக்குத்தான் வசதி என்றால்? என் ஓட்டு எஸ்பிஎக்ஸுக்கு. மாதிரி வாசிப்பில் கொமிட்டியா மேல், அரவணைப்பில் டிகாஃப் மேல். ஆனால் குலுக்கலில் வந்த புதியவர்கள், நடந்து முடிக்கக்கூடிய கூடம், பேச நேரம், படிக்கத் தெரிந்த மொழி ஆகிய நான்கும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். ஹோட்டல் அறை விலை அதிகம் என்று நினைப்பவர்கள் வாஷிங்டனில் தங்கி, மெட்ரோ ரெட் லைனில் நார்த் பெதெஸ்டா நிலையத்தில் இறங்கலாம். 2022 வரை அதன் பெயர் ஒயிட் ஃப்ளின்ட், பழைய குறிப்புகளில் அப்படித்தான் இருக்கும். கெட்டி அட்டைப் புத்தகங்களைக் கடைசியில் வாங்கினால் போதும், அவை கடைகளிலும் கிடைக்கும். சனிக்கிழமையே மினி காமிக்ஸ் மேசைகளுக்குப் போய்விடுங்கள். கையில் கொண்டுவந்த பிரதிகள் தீர்ந்தால் தீர்ந்ததுதான், பல புத்தகங்களுக்கு மறு அச்சே கிடையாது.